சுவரைத் தட்டிய பிறகு

படம் முடிந்து விளக்குகள் எரிந்தும் எங்கள் வரிசையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதலில் வாயைத் திறந்தவர் பல் டாக்டர்.

"கப்பலுக்குச் சாம்பல் கலர் அடிச்சிருக்கான் பாருங்க. புத்தகத்துல துருப்பிடிச்ச சிவப்பு."

பஸ் ஓட்டுகிற எங்கள் 'கேப்டனு'க்கு வேறு கவலை. நாவலில் வரும் தலைமை விமானிக்குத் தாடி உண்டு. படத்தில் அவன் மழமழவென்று இருந்தான். "தாடி இல்லாதவன் அப்படியொரு முடிவை எப்படிங்க எடுப்பான்?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். கணக்கு டீச்சர் மட்டும், "எனக்கென்னவோ நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்த பார்வையில் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

தாடியும் பெயின்ட்டும் எனக்கு உப்புப் பெறாத விஷயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறொன்றுக்காக. கடைசிக் காட்சியிலேயே கை வைத்துவிட்டார்கள்.

'வெளிச்சுவர்' படிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரம் போகும் விண்கலம் ஒன்றின் மேல் ஒரு பாறை மோதுகிறது. குழாய்களைப் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி முன்பகுதியில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். நடுவில் கனத்த இரும்புச் சுவர். அந்தப் பக்கம் யாராவது உயிரோடு இருக்கிறார்களா, எல்லோரும் போய்விட்டார்களா, அவளுக்குத் தெரியாது. பேசுகிற கருவிகளெல்லாம் செத்துவிட்டன. கையிலிருக்கும் குறடால் சுவரை மூன்று முறை தட்டுகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு மூன்று தட்டல் கேட்கிறது. அவ்வளவுதான் கதை. அந்தப் பதிலுக்காகத்தான் நாங்கள் அந்தப் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். படத்தில் அவள் தட்டினாள், காத்திருந்தாள், திரை இருண்டுவிட்டது. பதிலைக் காணோம்.

திரை இருண்ட அந்த நொடியிலேயே, விளக்குகள் எரியும் முன்பே, என் அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கே தாங்கவில்லை பார், என்று நினைத்து என் கோபம் இரட்டிப்பானது.

எங்கள் வாசகர் வட்டம் கூடுவது என் கண்ணாடிக்கடையில், ஞாயிறு மத்தியானங்களில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள். சுற்றிலும் ஃபிரேம் அலமாரிகள், சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கிச் சின்ன எழுத்தில் முடியும் பலகை, நடுவில் கண் பரிசோதிக்கும் உயர நாற்காலி. வருஷத்துக்கு ஒரு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் கடைசி அத்தியாயத்தை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். கையில் புத்தகம் வைத்திருக்க மாட்டார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: படிப்பவர் ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மீறினால் நாற்காலி பறிபோகும். விதியைப் போட்டவன் நான். முதல் வருஷம் கேப்டன் படிக்கும்போது விமானிக்கு ஒரு கொழுந்தியாளைச் சேர்த்துவிட்டார். அன்றைக்கே இறக்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு நாற்காலி அண்ணிக்குத்தான். அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொல்லும் குரல். வண்டி தாமதம் என்பதைக்கூட அவர் சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

அவர் படிக்கிற நாளில் அண்ணனையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். கடை அண்ணன் ஆரம்பித்தது. புத்தகமும் அவர் வாங்கியதுதான். அவர் சொல்லித்தான் நான் படித்தேன். பக்கவாதம் வந்த பிறகு பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, இடது கை லேசாக அசையும். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்று கேட்டால் டாக்டர்கள் ஆளுக்கொரு விதமாகத் தலையை ஆட்டினார்கள். லென்ஸ் அலமாரிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, காலுக்குப் போர்வை போர்த்திவிட்டு அண்ணி நாற்காலியில் ஏறுவார். அண்ணன் இருக்கிறார் என்று எங்களால் சொல்ல முடிந்தது. எங்கே இருக்கிறார் என்று சொல்ல முடியவில்லை.

படம் பார்த்த அன்று மாலையே இணையத்தில் எழுதினேன். எனக்குக் கோபம் வந்தால் தமிழ் நன்றாக வரும். "நாவலின் உயிரை எடுத்துவிட்டு உடம்புக்கு மேக்கப் போட்டிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்து, பதில் தட்டலை வெட்டியெறிந்த இயக்குநருக்கு இதயம் இருக்கிறதா என்று கேட்டு முடித்தேன். அது தீயாகப் பரவியது. முகம் தெரியாத ரசிகர்களெல்லாம் வந்து கொம்பு சீவிவிட்டார்கள். சிலர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கடைசியில் அந்த இயக்குநரே பதில் எழுதினார், ரொம்ப மரியாதையாக: "அந்தப் பதில் தட்டல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொன்னால் நன்றியுடன் திருத்திக்கொள்கிறேன்."

மாட்டினான் ஆள், என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கம். அவள் தட்டுகிறாள். 'சுவர் அவள் முன்னால் இருந்தது.' அதோடு புத்தகம் முடிந்துவிட்டது.

தாள் கிழிந்திருக்கும் என்று தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். கிழியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் தேடிவிட்டு, "என்னோடது மலிவுப் பதிப்புங்க, கேப்டன்கிட்ட கெட்டி அட்டை இருக்கு" என்றார். கேப்டன் தன்னுடையது பழைய பதிப்பு என்றார், பிற்பாடு சேர்த்திருப்பார்கள் என்றும் சொன்னார். டீச்சரிடம் இருந்தது புதிய பதிப்பு.

"இதுலயும் இல்ல சார்," என்றார் டீச்சர். "நாம எல்லாரும் எப்பவோ ஒரு தடவை தனியா படிச்சோம். அப்புறம் வருஷா வருஷம் கேட்டோம். நமக்கு ஞாபகம் இருக்கறது படிச்சது இல்ல, கேட்டது."

யார் வாயால் கேட்டோம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டதே என்று எனக்கு நெஞ்சு காந்தியது. ஊர் உலகத்துக்கு முன்னால் என்னைக் கோமாளியாக்கியது என் சொந்த அண்ணி.

அதே சூட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணனை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, அண்ணி சவரம் செய்துகொண்டிருந்தார். அண்ணனின் பாதிக் கன்னத்தில் நுரை இருந்தது. கத்தி கையில் இருக்கும்போது சண்டை போடக் கூடாது என்று கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"புத்தகத்தப் பாத்துட்டீங்களா தம்பி?" என்றார் அவரே, திரும்பாமல்.

"பாத்துட்டேன். ஏன் அண்ணி இப்படிப் பண்ணினீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் கன்னத்தை முடித்து, கத்தியைக் கிண்ணத்தில் அலசி, துண்டால் அண்ணன் முகத்தைத் துடைத்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில நீங்கதான் அந்தப் புத்தகத்தக் கொண்டாந்து குடுத்தீங்க. சும்மா உக்காந்திருக்காம படிச்சுக் காட்டுங்க அண்ணின்னீங்க. ஞாபகம் இருக்கா? இவரு கண்ணத் திறந்திருப்பாரு, ஆனா எதையும் பாக்க மாட்டாரு. நானும் படிச்சிக்கிட்டே இருந்தேன். கடைசிப் பக்கம் வந்துச்சு. அவ தட்டுறா. எனக்கு என்ன தோணுச்சோ, மருந்து குடுக்கற ஸ்பூன எடுத்து கட்டில் கம்பில மூணு தடவ தட்டினேன்."

"சரி."

"இவரு தட்டினாரு. இந்த விரலால. கம்பில, மூணு தடவ."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருகிட்டயும் சொல்லலையே அண்ணி."

"நர்ஸ்கிட்ட சொன்னேன். விரல் தானா துடிக்கும்மா, அதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாதுன்னாங்க. அதுக்கப்புறம் யாருகிட்ட சொல்றது?"

"மறுபடி தட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"தட்டி, பதில் வரலைன்னா?" என்றார் அண்ணி. வண்டி தாமதம் என்று சொல்லும் அதே நிதானமான குரல்தான். "அந்த ஒரு தடவைதான் என்கிட்ட இருக்கு தம்பி. அதையும் பறிகொடுக்க எனக்கு தைரியம் இல்ல. அதான் உங்க கடையில படிக்கும்போது அவ தட்டினதுமே, மூச்சு விடாம, அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வந்துச்சுன்னு நானே சொல்லிடுவேன். இடைவெளி விட்டாத்தானே பயம். படத்துல விட்டுட்டாங்க. என்னால அங்க உக்கார முடியல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "விடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. வீடு திரும்பியதும் என் பதிவை நீக்கினேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த இயக்குநர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருந்தார். "அப்படி ஒரு பக்கம் இல்லை. தவறு என்னுடையது. மன்னிக்கவும்" என்று எழுதிப் போட்டேன். கொம்பு சீவியவர்களில் பாதிப் பேர் இப்போது என்னை முட்ட வந்தார்கள்.

வட்டத்தில் அண்ணியின் பெயரைச் சொல்லாமல் மூடி மறைக்கப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சொத்தைப் பல்லை இருக்கட்டும் என்று விட்டுவைத்துப் பழக்கமில்லாதவர். "கேப்டன ஒரு கொழுந்தியாளுக்காக இறக்கினோம். அண்ணி கதையோட முடிவையே மாத்தியிருக்காங்க. விதின்னா எல்லாருக்கும்தானே?" என்றார். கேப்டனே, "ஐயோ, எனக்கு அந்த நாற்காலி வேணாங்க" என்று கெஞ்சினார். அண்ணியின் காதுக்கு விஷயம் போனதும் அவர் ஒரே வரியில் தீர்த்துவிட்டார். "டாக்டர் சொல்றது சரிதான். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவ உள்ளது உள்ளபடி படிச்சிட்டு எறங்கிடறேன்." இறங்கினால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வர ஆளில்லை. அண்ணன் வீட்டை விட்டு வெளியே வருவதே இதற்கு மட்டும்தான். வாயைக் கொடுத்து வம்பை வாங்கிய என்மீதுதான் எனக்குக் கோபம்.

ஞாயிறன்று ஷட்டரைப் பாதி இறக்கினேன். அண்ணி அண்ணனை லென்ஸ் அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி, போர்வையைச் சரிசெய்துவிட்டு, உயர நாற்காலியில் ஏறினார். கையில் புத்தகமும் ஒரு ஸ்பூனும். டாக்டர் கண்ணை மூடவில்லை. அன்றைக்கு நாங்கள் யாருமே மூடவில்லை.

அவர் படித்தார். பாறை மோதியது, விளக்குகள் அணைந்தன, கருவிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசிப் பக்கம் வந்தது. அண்ணி ஸ்பூனால் நாற்காலியின் இரும்புக் கையில் மூன்று முறை தட்டினார். "சுவர் அவள் முன்னால் இருந்தது," என்று படித்தார். புத்தகத்தை மூடினார். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. எதிரே இருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியை யாரோ படிக்கச் சொன்னதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் சுவர்க்கடிகாரத்தைத் தவிரச் சத்தமே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. நாமே தட்டிவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மேஜைக்கு அடியில் கையைக் கொண்டு போனேன். விரலை மடக்கியும்விட்டேன். பக்கத்தில் இருந்த டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படம் நன்றாக இருந்தது என்று சொன்ன ஒரே ஆள். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு அலமாரிப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. லென்ஸ் டப்பா விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எதுவும் விழவில்லை. போர்வைக்கு வெளியே அண்ணனின் இடது கை சக்கர நாற்காலியின் கம்பி மேல் இருந்தது. விரல் மெதுவாக எழுந்தது, நடுங்கியது, விழுந்தது. இரண்டு. மூன்றாவதற்கு வெகு நேரம் ஆயிற்று. கேப்டன் வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அந்த அழுகைக்குள்ளும் மூன்றாவது தட்டல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டேன். "கூட்டக் கூடாதுங்கற விதி படிக்கிறவங்களுக்குத்தான் டாக்டர். கேக்கறவங்களுக்கு விதி எதுவும் போடல."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் டாக்டர். "அண்ணி அங்கேயே உக்காரட்டும்."

அண்ணி உட்காரவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் போனார். அவர் முன்னால் மண்டியிட்டு, "என்னங்க," என்றார். அறிவிப்பாளரின் குரல் இல்லை அது. நான் அதுவரை கேட்டிராத குரல். ஸ்பூனை எடுத்து சக்கர நாற்காலியின் கம்பியில் மறுபடியும் மூன்று முறை தட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.