மண்டியிடாத உயரழுத்தன்

அன்று காலை அறையில் இருந்தவர்கள்: என் அக்கா புருஷன், பதிப்பகம் அவருடையது. கதை எழுதுகிறவர், எல்லோருக்கும் அவர் புலவர். வண்ணம் போடுகிற பெயின்ட்டக்கா. படம் வரைகிற நான். மேசைமேல், நூறாவது இதழின் கடைசிப் பக்கத்தில், உயரழுத்தன். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

சிக்கலே அந்த வாய்தான்.

உயரழுத்தன் எங்கள் காமிக்ஸின் வில்லன். விரலை நீட்டினால் ஊரே இருண்டுவிடும். கம்பத்தில் வேலை செய்யும்போது யாரோ லைனைப் போட்டுவிட, உயர் அழுத்தம் உடம்பில் பாய்ந்தும் சாகாமல், மின்சாரமாகவே எழுந்து வந்தவன். அவனை உருவாக்கியவன் நான். நூறாவது இதழில் அவன் நாயகன் முன் மண்டியிட்டு, "தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு" என்று கெஞ்ச வேண்டும் என்று புலவர் எழுதியிருந்தார். நான் வரைந்த படத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான், பல்லைக் கடித்தபடி. அழியாத மை.

"மச்சான், இவன் ஏன் நிக்கிறான்?" என்றார் அத்தான்.

"கால் இருக்கு, நிக்கிறான்."

"விளையாடாத. பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போகணும். மண்டி போட வை."

"மாட்டேன்."

புலவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, கெட்டவன் தோக்கணும். அதுதானே கதை?"

"தோக்கட்டும். அடிச்சுப் போடுங்க, சாம்பலாக்குங்க, வரைஞ்சு தரேன். தப்பு என்னோடதுன்னு மட்டும் இவன் சொல்ல மாட்டான்."

"ஏன்?"

அத்தானுக்கு ஏன் என்று தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காமிக்ஸுக்கு வருமுன் துணைமின் நிலையத்தில் இரவுப் பணியில் இருந்தேன். லைன்மேன் கம்பம் ஏறும்முன் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அவன் இறங்கி வந்து திறக்கும்வரை யாராலும் லைனைப் போட முடியாது. ஒருநாள் விடியும் நேரத்தில் மேலதிகாரி அவசரப்பட்டார். பூட்டைத் தேட நேரமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன், ஏறு என்று லைன்மேனிடம் சொன்னார். கால் மணி நேரத்தில் அதை மறந்து லைனைப் போட்டவரும் அவரே.

அறிக்கை இப்படி வந்தது: 'அனுமதியின்றி ஏறினார். தவறு அவருடையதே.' கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. "வேலை போயிட்டா என்னடா பண்ணுவே, போட்டுடு" என்று அக்கா சொன்னாள். போட்டேன். அடுத்த வாரம் வேலையை நானே விட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. செத்தவன் வீட்டில் அதனால் அடுப்பு எரியவில்லை.

"புலவரே, நீங்களே சரி பண்ணுங்க," என்றார் அத்தான்.

புலவர் ஒரு நகல் எடுத்து, மூடிய வாயை வெள்ளை மையால் மறைத்து, மேலே திறந்த வாய் ஒன்றை வரைந்தார். பெயின்ட்டக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இவன் மன்னிப்புக் கேக்கல. கடவாப்பல்லைப் பிடுங்கச் சொல்றான்."

இன்னொரு நகலில் புலவர் முட்டியை மடக்கினார். கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுகிறவனைப் போல் இருந்தான் உயரழுத்தன். அத்தானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகவே அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மணி பதினொன்றரை.

"கடைசியா கேக்கறேன் மச்சான். வரையறியா, வெளியே போறியா?"

நான் பேனா முனையைத் துடைத்து டப்பாவில் போட்டேன்.

"போனா போனதுதான். அடுத்த இதழ் கிடையாது, எதுவும் கிடையாது. உயரழுத்தனை வேற ஆள் வரைவான்."

"இந்தப் பக்கம் இப்படியே போகுமா?"

அவர் இரண்டு நகல்களையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். "வேற வழி? வசனமில்லாம போகும்."

"அது போதும்."

"உங்க அக்கா கேப்பா. நான் என்னன்னு சொல்றது?"

"இந்தத் தடவை கையெழுத்துப் போடலைன்னு சொல்லுங்க."

பெயின்ட்டக்கா பக்கத்தைத் தன் மேசைக்கு எடுத்துப் போய், உயரழுத்தனைச் சுற்றி நீலம் வைக்கத் தொடங்கினாள். வழக்கமாகத் தொட்டுத் தொட்டு வைப்பவள், இன்றைக்குத் தூரிகையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முதல் படியில் கால் வைக்குமுன் அத்தான் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில், மூன்று பேர் உள்ளே இருக்கும்போதே, சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.