காய்ந்த வாளி

"அப்போ சிங்கிள் மால்ட்னா ஒரே பீப்பாய்லேர்ந்து எடுக்கறதுதானே?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கறாங்க சார். ஒரே ஆலைன்னு அர்த்தம். பீப்பாய் எத்தனை வேணா கலக்கலாம். வேற ஆலைச் சரக்கு ஒரு சொட்டு சேந்தாக்கூட அந்தப் பேரு போயிடும்."

பதில் சொன்னவரை அந்த விஸ்கி ஆலையில் எல்லோரும் மூக்கர் என்பார்கள். மோப்பம் பிடித்தே பீப்பாயின் வயதைச் சொல்லிவிடுவார். ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் ருசி அறையில் அவரைச் சூழ்ந்து நின்றது. பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள். முளைகட்டாத தானியம் கலந்தால் அது மால்ட் ஆகாது. காயவைத்து, அரைத்து, புளிக்கவைத்துக் காய்ச்சி வடிப்பார்கள். பிறகு ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் தூங்கவிடுவார்கள். கதைபோலச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்துக்கும் தானும் ஒரு மிடறு ருசி பார்த்தார்.

வாசலருகே அவர் மகள் கைக்குழந்தையோடு உட்கார்ந்து காத்திருந்தாள். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட கையோடு வந்திருந்தாள். அப்பாதான் இருவரையும் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

கூட்டம் கலைந்தது. "வாம்மா, போலாம். பேரன் பொறுமைசாலி, உன்னை மாதிரி இல்ல" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

மகள் எழவில்லை. ருசி பார்த்ததைத் துப்புவதற்காக மேசைக்கடியில் வைத்திருந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுல, உங்க மேல என்னப்பா வாடைன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"நாங்க குடிக்கறவங்க இல்ல, ருசி பாக்கறவங்க. வாய்ல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவோம்னு சொல்வேன்."

"வாளி காஞ்சு கெடக்கு."

குனிந்து பார்த்தார். அடியில் தூசி. கடைசியாக எப்போது துப்பினோம்? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பீப்பாயின் வயதைச் சொல்லும் மூக்குக்குச் சொந்த வாய் வாடை தெரியாமலே போயிருந்தது.

"நான் என்னைக்காவது தள்ளாடிப் பாத்திருக்கியா? இது கண்ட சாராயம் இல்லம்மா. மால்ட்..."

"முளைகட்டுன பார்லி, ஓக் பீப்பாய், ஒரே ஆலை. எனக்கும் மனப்பாடம்ப்பா. அந்த மரியாதையெல்லாம் பாட்டிலுக்குள்ள இருக்கற வரைக்கும்தான். தொண்டைக்குக் கீழ போயிட்டா எல்லாம் சாராயந்தான். எவ்வளவு ஒசத்தியா குடிச்சாலும் குடிச்சவங்க வண்டி ஓட்டக் கூடாது."

அவர் விரல்கள் சாவியை இறுக மூடிக்கொண்டன. காது மடல்கள் சுட்டன. குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. மகள் அதைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள். பிறகு இன்னொரு கையை நீட்டினாள்.

"நான் ஓட்டறேன். சாவியக் குடுங்கப்பா."