வலது சக்கரத்து போல்ட்

காரின் இடது முன்சக்கரத்தில் புதிய பெரிய பிரேக் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வலது பக்கத்தில் பழையதே இருந்தது. ஒரு பக்கத்தை மாற்றி முடித்த அண்ணன், மறுபக்கத்து போல்ட் ஒன்று மல்லுக்கு நின்றதால், "வர்ற ஞாயிற்றுக்கிழமை இதை ஒரு கை பார்க்கிறேன்" என்று எழுந்து போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அன்றிலிருந்து கார், ஒற்றைச் செருப்போடு கிளம்பிய ஆளைப் போல, முட்டுக்கொடுத்தபடி கொட்டகையில் நின்றது.

"நிக்கிற வண்டி நமக்கு எதுக்கு அண்ணி?" என்று கொழுந்தன்தான் பழைய வண்டி வாங்குகிறவரிடம் பேசி வைத்தான். சாயங்காலம் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. அவள் ஓட்டக் கற்றதே இந்தக் காரில்தான். வேறு வண்டியில் உட்கார்ந்தால் கியர் எங்கே என்று கை துழாவும்.

"வாங்குறவர் வர்றதுக்குள்ள அந்த போல்ட் கழண்டா வண்டி எனக்கு. இல்லைன்னா அவருக்கு. சரியா தம்பி?"

"சரி. ஆனா கழலாது. அண்ணனே திட்டித் தீர்த்துட்டு விட்டது அது."

பழைய பிரேக்கைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் மேலே இருந்தது சமர்த்தாக வந்தது. கீழே இருந்தது துருவேறி, இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்தார்கள். சுத்தியலால் தலையில் தட்டினார்கள். ஸ்பானரின் பிடியில் நீளக் குழாயைச் செருகிக் கொழுந்தன் தொங்கிப் பார்த்தான். குழாய் வளைந்ததுதான் மிச்சம்.

"இன்னும் கொஞ்சம் பலமா இழு."

"இதுக்கு மேல இழுத்தா போல்ட் தலை துண்டாயிடும். அப்புறம் அவ்வளவுதான்."

"பேசுற தெம்பை இழுக்கிறதுல காட்டு."

"வெறும் டீயைக் குடுத்துட்டு எவ்வளவு இழுக்கச் சொல்வீங்க?" என்று முனகிக்கொண்டே அவன் கை கழுவப் போனான்.

அண்ணி கையுறையை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தாள். இத்தனை வருஷமும் அவர் சக்கரத்தின் உள்பக்கம் தலையை விட்டு வேலை செய்ய, எதிரே உட்கார்ந்து டார்ச் பிடித்தவள் அவள். கழற்றும்போது அவர் கை எந்தப் பக்கம் போகும் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். அதே பக்கமாக, உடம்பின் பாரத்தையெல்லாம் குழாயின் மேல் போட்டாள்.

டக்.

"அசைஞ்சிடுச்சு தம்பி!"

ஈரக் கையோடு ஓடிவந்தவன் குழாயைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணி! இறுக்குற பக்கம் தள்ளியிருக்கீங்க!"

"உங்க அண்ணன் இப்படித்தான் தள்ளுவார்."

"எங்க உட்கார்ந்து பார்த்தீங்க?"

"எதிர்ல."

"எதிர்ல உட்கார்ந்தா திசை மாறித்தானே தெரியும்!"

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவு வருஷம் பார்த்ததும் இடம் வலம் மாறிய பாடமா? அழுகை வரும் போலிருந்தது, வந்தது சிரிப்பு. அவர் கேட்டிருந்தால் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்திருப்பார்.

கொழுந்தன் சிரிக்கவில்லை. போல்ட்டின் கழுத்தில் செந்தூள் உதிர்ந்திருந்தது. "இருங்க இருங்க. எந்தப் பக்கமோ, அசைஞ்சிருக்கில்ல? துரு பிடியை விட்டிருக்கு."

ஒரு சொட்டு எண்ணெய், கழற்றும் பக்கம் மயிரிழை, மறுபடி இறுக்கும் பக்கம், மறுபடி எண்ணெய். கைக்குழந்தையைத் தாஜா பண்ணுவது போலப் பண்ணினார்கள். கீச்சென்று கத்திக்கொண்டு போல்ட் முழுசாக வெளியே வந்தது.

வாங்க வந்தவர் வாசலில் நின்றபோது, அண்ணன் வாங்கி வைத்திருந்த புது பிரேக் வலது பக்கமும் ஏறியிருந்தது. பிரேக் எண்ணெய் ஓடும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி.

"வண்டி ரெடியாம்மா?"

"ஆயிட்டே இருக்கு. கொஞ்சம் உள்ள உட்கார்ந்து பிரேக்கை மிதிங்க."

"நான் வண்டி வாங்க வந்தவன்மா!"

"அது இனி விக்கிறதுக்கில்லைங்க. தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி இங்க திருகைத் திறந்து மூடணும், நான் எண்ணெய் பிடிக்கணும், உள்ள மிதிக்க ஒரு கால் வேணும். மிதிச்சுப் பிடிங்க, சொல்லும்போது விடுங்க."

அவர் கொழுந்தனைப் பார்த்தார். அவன் கொட்டகைக் கூரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்து மிதித்தார். விட்டார். மிதித்தார்.

"இப்போ கெட்டியா நிக்குதும்மா!" என்று உள்ளிருந்து அவரே குரல் கொடுத்தார்.

"அப்போ இறங்குங்க," என்றாள் அண்ணி, கையுறையைக் கழற்றியபடி. "சக்கரத்தை மாட்டினதும் நான் ஓட்டிப் பார்க்கணும்."