சக்கரவர்த்தியின் கல்லீரல்

ஆய்வுக்கூடத் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘கல்லீரல் சக்கரவர்த்தி’ என்று பெயர். மைக்கைக் கண்டால் பேச்சை நிறுத்தமாட்டார், அன்றைய கூட்டம் பட்டினிதான்.

கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்குப் புற்றுநோய் முளைவிடும்போதே ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்களின் ரத்தமும் வேண்டும். சக்கரவர்த்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார்.

“ஆரோக்கியம்னா என்னன்னு மெஷினும் தெரிஞ்சுக்கட்டும்!”

ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே ஒருவரை நோயற்றவர் வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதைச் சக்கரவர்த்தியிடம் சொல்ல யாருக்கு நாக்கு நீளும்?

முடிவுகள் வந்த காலையில், சோதனையை உருவாக்கிய பெண் ஆய்வாளர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். புற்றுநோய் உள்ளவர்களை ஒருவர் விடாமல் சோதனை பிடித்திருந்தது! ஆனால் நோயற்றவர் வரிசையிலும் ஒரு சோதனைக்குழாய் ரத்தத்தைப் பிடித்திருந்தது. குழாய்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான்.

“அதைத் தூக்கிடும்மா,” என்றார் சக்கரவர்த்தி. “நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. சோத்துல கல்லு மாதிரி அது எதுக்கு?”

“முடியாது சார். திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன், அப்பவும் அதேதான்.”

“அப்போ எவனோ குடிகாரன் ரத்தம். யாருன்னு பாரு.”

பார்த்தாள். திரையில் அவர் பெயர் இருந்தது.

“சோதனையில கோளாறு!” என்றார் அவர். “நான் ஒரு சொட்டு தொட்டதில்ல!”

“குடிக்காதவங்களுக்கும் கொழுப்பு படிஞ்சு கல்லீரல் கெடும்னு போன வாரம் மேடையில சொன்னீங்களே சார்?”

“அது பொதுமக்களுக்குச் சொன்னது!”

அவள் அவருடைய மனைவிக்குப் போன் போட்டாள். அம்மாள் வந்தார்.

“ஊரார் வயித்துக்கெல்லாம் காவல் காப்பீங்க. உங்க வயித்தை யாரு பாக்குறது? எந்திரிங்க!”

ஸ்கேன் அறை வாசலில் ஆய்வுக்கூடமே கூடிவிட்டது. கட்டி இருந்தால் சோதனை பிழைக்கும், இல்லாவிட்டால் சக்கரவர்த்தி பிழைப்பார். எந்தச் சாமியிடம் எதைக் கேட்பது? ஆய்வாளர் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலுக்கு வந்திருந்தாள்.

உள்ளே ஸ்கேன் டாக்டர் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை நகர்த்தினார். நோயாளி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நில்லுங்க! அங்கதான், வலது பக்கம்! இருக்கு!” பசை வழிய எழுந்து உட்கார்ந்தார். “ஏம்மா! உன் சோதனை ஜெயிச்சிடுச்சு!”

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த ஆய்வாளருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாயில் முட்டிக்கொண்டன.

“கட்டி இருக்குன்னு கூத்தாடுற மனுஷனை இப்பத்தான் பாக்குறேன்,” என்றார் அம்மாள். “டாக்டர், உயிருக்கு ஒண்ணும்…?”

“கோலிக்குண்டு அளவுதாம்மா. இன்னும் ரெண்டு பரிசோதனையில உறுதி பண்ணிட்டு வெட்டி எடுத்துடலாம். வலி வந்து பார்த்திருந்தா கதை வேற.”

அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். கணவரோ அதற்குள் அடுத்த உரைக்குப் போய்விட்டார்.

“எடுத்த கட்டியை எறிஞ்சிடாதீங்க டாக்டர், நம்ம ஆய்வுக்கு வேணும். எவ்வளவு அபூர்வமானது!”

“அபூர்வமெல்லாம் இல்ல சார்,” என்றார் டாக்டர், பசையைத் துடைத்தபடி. “பாத்தா ரொம்பச் சாதாரணக் கட்டிதான்.”

கட்டி இருக்கிறது என்றபோது வாடாத முகம், இப்போது வாடியது.