குழி நீக்கும் தைலம்

என் வீட்டுக்காரர் ஷபீர் வீட்டில் பொய் பேச மாட்டார். கடையில் பேசுவதை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொடைக்கானல் பஜாரில் எங்களுக்கு யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை. சுற்றுலா வரும் பெண்களில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தொடையில் தோல் குழி குழியாக இருக்கிறதே, அதற்கு ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். செல்லுலைட் என்று அதற்கொரு பெயர் இருப்பதே அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற ஆளா இவர்? யூகலிப்டஸ் தைலத்தில் தாண்டிக்குடிக் காப்பித்தூளை ஊறவைத்து, முக்கால்வாசி தேங்காயெண்ணெய் சேர்த்து, குழி நீக்கும் தைலம் என்று லேபிள் ஒட்டிவிட்டார். தேய்க்கத் தேய்க்கத் தோல் வழவழவென்று ஆகிவிடும் என்று அவர் சொல்வதைக் கேட்டால், பக்கத்தில் நிற்கும் எனக்கே ஒரு பாட்டில் வாங்கலாமா என்று தோன்றும்.

அதை முழுசாக நம்பியவள் அவருடைய தங்கை சமீஹா. பழனியில் கடை வைத்திருக்கும் ரஷாத்துக்கு அவளைப் பேசி முடித்திருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வருகிறவன் தன் தொடையைப் பார்த்து முகம் சுளித்துவிடுவானோ என்று அவளுக்குப் பயம். யாரிடமும் சொல்லாமல் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். பாட்டிலில் இருப்பது வெளியாட்களுக்கு, கலக்காத தைலம் பின்கட்டில் கேனில் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தைலக்கடைக்காரர் தங்கை பாட்டிலையா தொடுவாள்? கேனிலிருந்தே ஊற்றித் தேய்த்து, சாக்லேட் தட்டுகளை மூடுகிற பிளாஸ்டிக் தாளை இரண்டு தொடையிலும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு மத்தியானம் படுத்துவிட்டாள். போனில் யாரோ ஒருத்தி அப்படிச் சுற்றிக் காட்டினாளாம். எழுந்தபோது தோல் கன்றிக் கொப்புளம் போட்டிருந்தது.

மறுநாள் காலையில் மூஞ்சிக்கல் பகுதியில் இருக்கும் டாக்டர் ஜெயப்பிரியாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். புண் ஆறிவிடும் என்று மருந்து கொடுத்தார். குழியைப் பற்றிக் கேட்டதற்கு, அது நோயே இல்லை, தோலுக்கு அடியில் நார்களுக்கு நடுவே கொழுப்பு பிதுங்குவதால் வருவது, பெரும்பாலான பெண்களுக்கு இருக்கும் என்றார். காந்துகிற எண்ணெய் தேய்த்தால் தோல் லேசாக உப்பும், குழி கொஞ்ச நேரம் மறைந்த மாதிரி இருக்கும், உப்பல் வடிந்ததும் பழையபடி தெரியும். பெரிய ஊர்களில் லேசர், ஊசி என்று செய்கிறார்களாம். சிலருக்குக் கொஞ்சம் குறையுமாம், அதுவும் நிலைக்கும் என்று சொல்ல முடியாதாம். சமீஹா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றையும் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அழ ஆரம்பித்தாள். பழனிக்குப் பேசித் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும், குழி போன பிறகுதான் கலியாணம் என்றாள். ரஷாத் கூப்பிடக் கூப்பிட அவள் போனை எடுக்கவில்லை. குழி போகாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்படியென்றால் கலியாணமே வேண்டாம் என்றாள். எனக்கும் இருக்கிறது என்றேன். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். சேலையை ஒதுக்கிக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, சப்ரின் மதினி, அண்ணன் இதைப் பார்த்ததில்லையா என்று கேட்டாள். பார்த்திருக்க மாட்டார் என்றேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வந்தார். உட்காரக்கூட விடாமல் சமீஹா கேட்டாள்: "அண்ணே, நெசத்தைச் சொல்லு. தைலம் தேச்சா இது போகுமா, போகாதா?"

கடையில் எத்தனையோ பேருக்கு வாய் கூசாமல் பதில் சொன்ன மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போகாதும்மா" என்றார். "மொதமொத இதைக் காய்ச்சுனதே உங்க மதினிக்குத்தான். கால்வலித் தைலம்னு சொல்லி ஒரு மழைக்காலம் பூரா ராத்திரி இருட்டுல தேச்சுவிட்டேன். கைக்குத் தெரியாதா, ஒரு குழிகூடப் போகலை."

அவ்வளவு நாளும் தெரியுமா இவருக்கு? வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீதான் அதை ஒளிச்சு ஒளிச்சு வச்சுக்கிட்டிருந்த. உனக்குக் கஷ்டமா இருக்கேன்னு காய்ச்சுனேன். எனக்கென்ன, எனக்கு அது சப்ரின் காலு."

சமீஹாவின் போன் மறுபடி அடித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு எடுத்தாள்.

"தைலம் பட்டுக் காலு புண்ணாக் கெடக்குங்க" என்று ரஷாத்திடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழமை மெதுவாத்தான் நடப்பேன். பரவாயில்லையா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பாட்டில் இனிமேல் கடையில் இருக்கக்கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மூட்டுவலித் தைலம் என்று லேபிளை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார், திருந்தாத ஜென்மம். கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கலியாணமான நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில்தான் உடை மாற்றுவேன். அன்றைக்கு, சாயங்காலக் கடைக்குக் கிளம்பும்போது, ஜன்னல் வெளிச்சத்தில் அவர் எதிரிலேயே சேலை மாற்றிக்கொண்டேன்.