ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் பாடம்

“எங்கப்பா அந்த மாத்திரையைக் குடுக்கலைன்னு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிட்டுப் போங்க.”

மகள் கேட்டே விட்டாள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஓட்டக்காரர் சிறுத்தையின் கை அப்படியே நின்றது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் “பாப்பா!” என்று பல்லைக் கடித்தான். சிறுத்தையின் மேனேஜர் மட்டும் அசரவில்லை. காலையிலிருந்தே இதற்குத்தான் காத்திருந்தவர் போல எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

அந்த ஒன்றை மட்டும் சிறுத்தையிடம் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டில் பன்னிரண்டு வருடச் சட்டம். போட்டவர் அப்பா. காவல் காத்தவள் அம்மா. சட்டம் போட்டவர் இப்போது கூடத்து இரும்புக் கட்டிலில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். நேற்று மாலை, ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தவர் லிஃப்ட் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தள்ளிவந்த நோயாளியை இறக்கி நிற்கவைத்துவிட்டு, அதே ஸ்ட்ரெச்சரில் அவரைப் படுக்கவைத்தார்கள். நோயாளி பிழைத்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் அப்பாவின் கையில் இருந்தவை சிறுத்தையின் கால்கள். சிறுத்தை என்று ஊரே கூப்பிட்ட அந்த ஓட்டக்காரருக்குப் பதினோரு வருடம் மசாஜ் செய்தவர் அவர். மைதானத்தில் அவருக்குப் பேர் எண்ணெய்க்காரர். பிறகு ஒரு பெரிய போட்டியில் சிறுத்தையின் சிறுநீரில் கூடாத மருந்து இருப்பதாக வந்தது. விசாரணை நடந்தது. எண்ணெய்க்காரர்தான் வலி மாத்திரை என்று பொய் சொல்லிக் கொடுத்தார் என்று முடிந்தது. ஆறு மாதம் கழித்துச் சிறுத்தை மறுபடி ஓடி ஜெயித்தார். அப்பாவை எந்த மைதானத்தின் கேட்டுக்குள்ளும் விடவில்லை.

ஊர் நம்பியது. அவளால்தான் நம்ப முடியவில்லை. காரணம் பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. அப்பா யாருக்கும் மாத்திரை கொடுக்க மாட்டார். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தேய்ப்பார், உள்ளங்காலைத் தேய்ப்பார், மருந்து நேரம் வந்தால் எழுந்து நகர்ந்துவிடுவார். “இந்தா, நீ குடு. என் வேலை தோலோட முடிஞ்சுது. உள்ள போறது டாக்டர் பாடு” என்பார் அம்மாவிடம். பெற்ற பெண்ணுக்கே இருமல் மருந்தைக் கரண்டியில் ஊற்றாத மனுஷன், சிறுத்தைக்கு மட்டும் மாத்திரையை நீட்டினாராம்.

இன்று காலை ஒன்பது மணிக்கே சிறுத்தை வந்துவிட்டார். சொந்தக்காரர்கள்கூட அப்போது வந்து சேரவில்லை. எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று மாடியும் தலைகள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அழுத கண்ணோடேயே போனை நீட்டி, “தப்பா நெனைக்காதீங்க சார், ஒண்ணே ஒண்ணு, எங்க வீட்டுக்காரர் நம்ப மாட்டார்” என்று படம் எடுத்துக்கொண்டாள். கீழே தெருவில் சிறுத்தையின் பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர், நெஞ்சில் புலியா சிறுத்தையா என்று தெரியாத ஒரு மிருகம் போட்ட பனியனோடு வரிசையாக நின்றார்கள். அண்ணன் அந்தப் பள்ளியில்தான் கோச்.

மேனேஜர் அக்கம்பக்கத்தாரை, “கொஞ்சம் காத்து வரட்டும்மா, வெளியில இருங்க” என்று நகர்த்தினார். பிறகு அலமாரி, கட்டிலடி, பரண் என்று கண்ணாலேயே வீட்டைப் பெருக்கினார். அம்மாவிடம் மெல்லக் கேட்டார். “பழைய பேப்பர் கீப்பர் ஏதாச்சும் வெச்சிருந்தாராம்மா?” அரை மணி நேரத்தில் இரண்டு முறை.

இவ்வளவும் அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று நடந்தது. சிறுத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். துணியை விலக்கி அப்பாவின் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் குதிகாலிலிருந்து ஆடுசதை வரை, நிறுத்தி நிறுத்தி, மேலே ஏற்றினார். அப்பா செய்கிற அதே மாதிரி. படம் எடுக்க ஆளில்லை. பார்த்தது வீட்டு மனிதர்கள் மட்டும். நடிப்பென்றால் யாருக்காக நடிக்கிறான்? அவளுக்கு அது புரியவில்லை. புரியாததால் இன்னும் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான் கேட்டாள்.

“இப்ப பேசற பேச்சா பாப்பா இது?” என்றார் சிறுத்தை.

“எனக்கு அவசரமில்ல சார். பாடத்துக்குத்தான் அவசரம். மூணு மணிக்கு அச்சுக்குப் போகுது.”

சின்ன வயதில் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இந்தப் புது ‘சார்’ அவர் முகத்தில் ஓர் அறை போல விழுந்ததைப் பார்த்தாள். விழட்டும்.

பள்ளிப் பாடநூல் அச்சிடும் அலுவலகத்தில் அவள் மெய்ப்புத் திருத்துபவள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மூன்று வாரத்துக்கு முன் ஆறாம் வகுப்புப் புத்தகம் அவள் மேஜைக்கு வந்தது. ஒன்பதாவது பாடம், ‘நம் முன்மாதிரிகள்’. சிறுத்தை ஓடுகிற படம். நான்கு பக்கம். எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் வேறு பிழை. அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படித்துக் காட்டினாள். அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, “படம் நல்லா வந்திருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து வாசித்தாள்.

“‘கூடவே இருந்து குழி பறித்த உதவியாளர் ஒருவரின் துரோகத்தையும் தாங்கிக்கொண்டு, அவரை மன்னித்து, நேர்மை ஒன்றையே துணையாகக் கொண்டு வீரர் மீண்டும் களம் கண்டார்.’ கடைசியில கேள்வி இருக்கு. ‘உதவியாளரின் துரோகத்தை வீரர் எவ்வாறு எதிர்கொண்டார்? ஐந்து வரிகளில் எழுதுக.’ நாலு மார்க்.”

“நல்ல நடையிலதான் எழுதியிருக்காங்க” என்றார் மேனேஜர்.

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “அவரு பேரு ஒண்ணும் போடலையேடி?”

“பேரு இல்லம்மா. துரோகின்னு மட்டும்தான் இருக்கு.”

சிறுத்தை அப்பாவின் காலை மடியிலிருந்து இறக்கவில்லை. “சத்தியமா அந்த வரி எனக்குத் தெரியாது பாப்பா.”

“ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் உங்க கையெழுத்து இருக்கே. உங்க சம்மதம் கேட்டு அனுப்பினதுதானே?”

“இவர் நீட்டினார், போட்டேன். படிக்கலை.”

அதைக் கேட்டதும் அவளுக்குள் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து நின்றது.

“எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரே, படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். யாரு படிச்சதுன்னு தெரியுமா சார்? உங்க மேனேஜருக்குத் தெரியும். அன்னிக்கு இதே கட்டில்ல உக்காந்திருந்தார்.”

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு வயதில் அவள் வகுப்பிலேயே வேகமாகப் படிக்கிறவள். வாக்குமூலம் என்று தட்டச்சு செய்த அந்தத் தாளை அப்பா அவளிடம்தான் கொடுத்தார். ‘தடைசெய்யப்பட்ட’ என்ற சொல்லில் ஒரு தடவை தடுக்கினாள். “நிறுத்தி, நிதானமா படி” என்றார். மறுபடி படித்தாள். ‘வீரர் அறியாவண்ணம்’ என்பதை ஒரே மூச்சில் சொன்னாள். அப்பா மேனேஜர் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா, ஒரு எடத்துலகூடத் தப்பில்லாம படிச்சிட்டா” என்றார். அவள்தான் எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டினாள். மேனேஜர் சிறுத்தையின் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். நாலு வருடம் அதைத் தலைமாட்டில் ஒட்டிவைத்திருந்தாள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அர்த்தம் பிடிபட்ட அன்று படத்தைக் கிழித்தாள். சுவரில் கோந்து இன்றும் போகவில்லை.

“அப்ப அவருக்குத் தெரிஞ்சுதானே போட்டாரு?” என்றார் சிறுத்தை தாழ்ந்த குரலில்.

“தெரிஞ்சுதான். ஏன் போட்டார்னுதான் எனக்குத் தெரியணும். மாத்திரையை யாரு குடுத்தா?”

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை க்ளிக் என்றது. மேனேஜர், “நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார்” என்றார்.

“யாரும் குடுக்கலை” என்றார் சிறுத்தை. “நானேதான் வாங்கிப் போட்டுக்கிட்டேன்.”

அண்ணன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். அவனுக்கும் இது தெரியாதா, அல்லது தெரியாத மாதிரி இருக்கப் பழகிவிட்டானா? அவள் அவனையே பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

“உங்கப்பாதான் வழி சொன்னார் பாப்பா. நான் அழுதுக்கிட்டிருந்தேன். ‘உன் பேரு கெட்டா இந்த ஊர்ல நூறு பசங்க ஓடறதை நிறுத்திடுவாங்க. மசாஜ்காரன் பேரு கெட்டா எவன் நிறுத்தப் போறான்’னார்.”

அப்பா பேசுகிற மாதிரியேதான் இருந்தது. அதுதான் அவளைச் சந்தேகப்படுத்தியது. பதினோரு வருடம் காலைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தவனுக்கு அப்பாவின் பேச்சு எப்படி ஓடும் என்று தெரியாமலா இருக்கும்?

“அம்மா, அப்பா அப்படிச் சொன்னாரா?”

“சொன்னாரு, சொன்னாரு” என்றாள் அம்மா. கேள்வி முடிவதற்குள் வந்த பதில். முகம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சரி, சொன்னார்னே வெச்சுக்குவோம். இப்ப கீழ நாப்பது பசங்க நிக்கறாங்க. மாடிப்படியில நின்னுக்கிட்டு இப்ப சொன்னதையே சொல்லுங்க.”

சிறுத்தை முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். “நான் நல்லவன்னு நான் எங்கயாச்சும் சொன்னேனா? எனக்கு ஓடத் தெரியும், ஓடினேன். நேர்மை, முன்மாதிரின்னு எழுதினது நீங்க. உங்க ஆபீசு. நான் கேட்டேனா?”

“வாஸ்தவம். ஓடத் தெரிஞ்சவரை ஓட்டத்துக்குப் பாடமா வெச்சிருக்கணும், ஒழுக்கத்துக்கு வெச்சது எங்க தப்புதான். அதையே எழுதிக் குடுத்துடுங்க சார். ‘நான் முன்மாதிரி இல்ல, ஓட்டக்காரன்.’ ரெண்டே வரி. நான் பிழை பாத்து அச்சுக்கு அனுப்பிடறேன்.”

அவள் நீட்டிய பேனாவை அவர் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மேனேஜர் இடையில் புகுந்தார். இப்போது அவர் குரலில் வெல்லம் கரைந்தது. “இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு? அந்தத் துரோகம் வர்ற வரியையும் கேள்வியையும் தூக்கிடச் சொல்லி நானே ஒரு போன் போடறேன். பள்ளியில மசாஜ் அறைக்கு அப்பா பேரையே வெச்சிடலாம். மரியாதையா முடிஞ்சிடும்.”

“பாத்தியா, அவ்வளவுதான்” என்று அண்ணன் வேகமாக எழுந்தான். “ஒத்துக்க பாப்பா. என் பொழப்புல மண்ணைப் போடாத. அப்பாவே மன்னிச்சிட்டாரு, நீ யாரு?”

அம்மாவும் கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஒரு கணம் அவளும் யோசித்தாள். பொய் சொல்வானேன்? அந்த வரி போனால் அப்பா துரோகி இல்லை. நாலு மார்க் கேள்வி இல்லை. வேலை தங்கும், அண்ணனுக்கும் தங்கும். ஆனால் பாடம்? ‘நேர்மை ஒன்றையே துணையாகக் கொண்டு’ அப்படியே ஓடும். அப்பா புத்தகத்தில் துரோகியாகக்கூட இருக்க மாட்டார். இல்லவே இருக்க மாட்டார். பெயர்ப்பலகை வைத்த அறைக்குள் யாரோ ஒருத்தன் யாருடைய காலையோ தேய்த்துக்கொண்டிருப்பான். இவ்வளவு சுலபமாக ஒரு வரியைத் தூக்க முடியுமென்றால், இத்தனை வருடம் அந்தப் பழியை வைத்திருந்தது யார்?

அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தாள்களை முழங்காலில் வைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். ஓரத்தில், சிறுத்தையின் கையெழுத்துக்குக் கீழே, குனிந்து எழுதினாள். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. ஒரு இடத்தில் அடித்துத் திருத்தினாள்.

“என்ன எழுதற?” என்றார் மேனேஜர்.

“திருத்தம்.”

“எந்த வரிக்கு?”

“பாடத்துக்கு.”

அவர் எட்டிப் பார்த்தார். ‘இதில் வரும் உதவியாளர் என் தந்தை. அவருடைய வாக்குமூலத்தைப் பன்னிரண்டு வயதில் அவருக்குப் படித்துக் காட்டியவள் நான். அதில் எழுதியிருந்தது பொய். இன்று காலை என் வீட்டில், நான்கு பேர் முன்னிலையில், வீரரே அதை ஒப்புக்கொண்டார்.’ கீழே முழுப்பெயர், பதவி, தேதி. யாரும் கூப்பிடாத அந்த முழுப்பெயரை எழுதும்போது மட்டும் பேனா ஒரு நொடி தயங்கியது.

“நான் அப்படி எதையும் கேட்கலை” என்றார் மேனேஜர் பட்டென்று. “கோச் தம்பியும் கேட்கலை. இல்லையா தம்பி?”

அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.  ஆமாம் என்று சொல்லவில்லை.

“வேலை போயிடும்மா” என்றார் மேனேஜர்.

“போகும்.”

தாள்களைப் பையில் போட்டு மூடினாள். அப்பாவின் காலில் விலகிக் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். சிறுத்தை கையை எடுத்துக்கொண்டு வழிவிட்டார்.  கண்கள் சிவந்திருந்தன. அழுகையா, பயமா? அவள் நின்று பார்க்கவில்லை.

“இந்த நேரத்துல எங்கடி போற?” என்றாள் அம்மா. “நாலு மணிக்கு எடுக்கணும்டி.”

“ஆபீசுக்கு. ரெண்டு தெரு. அதுக்குள்ள வந்துடறேன்.”

கதவைத் திறந்தாள். காது வைத்திருந்த தையல்காரம்மா சட்டென்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வாசலில் வந்தவர்களின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக மலையாகக் கிடந்தன. நடுவில் சிறுத்தையின் வெள்ளைக் காலணிகள் மட்டும், சுற்றிலும் ஒரு முழம் இடம் விட்டு, தனியாக இருந்தன. யாரோ அவற்றுக்கு அடியில் செய்தித்தாள் விரித்திருந்தார்கள்.

அவள் குனிந்து குவியலைக் கிளறினாள். தன்னுடையது அடியில் அகப்பட்டது. அதன் மேலிருந்தவற்றை எடுத்து, ஒவ்வொன்றாக, அந்தக் காலி இடத்தில் வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.