மாமாவின் கொட்டாவி

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத்தான் பயத்தில் தூக்கம் வரவில்லை. சாயங்காலம்வரை இருந்த பயம் தீர்ந்துவிட்டது. இப்போது இருப்பது புதுப் பயம். பழையதைச் சொன்னால்தான் புதியது விளங்கும்.

எங்கள் ரப்பர் தோட்டம் தெஹியோவிட்டை டவுனிலிருந்து மேலே ஏறிவர வேண்டிய இடத்தில் இருக்கிறது. கீழ் டிவிஷன் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், நாங்கள். மேல் டிவிஷனில் அம்மாவின் அண்ணன், இந்திரகுமார் மாமா. நடுவில் ஒரு பாறை மலை. குறுக்கு ரோட்டில் ஏறினால் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் மாமா வீடு வந்துவிடும். ஆனால் ஆறு வருஷமாக மாமா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். தட்டை வைத்தார், என் தலையில் தண்ணீர் ஊற்றினார், ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பா அவ்வளவு நேரமும் கூரைத் தகரத்தில் ஓட்டை தேடிக்கொண்டு நின்றார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

காணிச் சண்டையா, காசுச் சண்டையா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. எல்லாம் நாகவல்லியால் வந்தது.

நாகவல்லி எங்கள் சொந்தக்காரி இல்லை. 'ஏழு வாசல் வீடு' என்ற டீவி நாடகத்தில் வந்த மூத்த மருமகள். அதை எடுத்தவர் பத்மலோசனி அம்மா. அந்த அம்மாவின் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பெயரும் குத்துவிளக்கும்தான் வரும். ஒரு நாடகம் வெள்ளிக்கிழமை முடிந்தால் அடுத்த நாடகம் திங்கட்கிழமை தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் அதே பெரிய வீடு, அதே வளைந்த மாடிப்படி, அதே பித்தளை விளக்கு. வெள்ளிக்கிழமை செத்துப்போன ஆள் திங்கட்கிழமை வேறு நாடகத்தில் மாப்பிள்ளையாக வந்து நிற்பார். எங்கள் லயத்தில் யாரும் அதைக் குற்றமாக எடுத்ததில்லை. "மவராசன், பொழச்சு வந்துட்டான்" என்றுதான் சொல்வார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. லயத்துக்குக் கரண்டு வரவில்லை. டீவி கார் பேட்டரியில்தான் ஓடும். கீழ் டிவிஷனில் எங்கள் அப்பா செல்லையாவிடம் ஒரு டீவி, மேல் டிவிஷனில் மாமாவிடம் ஒரு டீவி. பேட்டரி இறங்கினால் இரண்டு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு தெஹியோவிட்டையில் முக்தார் நானா கடைக்குப் போய் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவார்கள். பேட்டரித் தண்ணீர் சிந்தி அப்பாவின் சட்டையெல்லாம் தோள்பட்டையில் ஓட்டை. தெஹியோவிட்டை பஸ்ஸில் யாருடைய சட்டையில் தோள் ஓட்டை இருக்கிறதோ அவர் வீட்டில் டீவி இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இரண்டு டீவியிலும் ஒவ்வொரு குறை இருந்தது. எங்கள் வீட்டை மலை மறைத்ததால் படம் வராது. ஏரியல் கட்டிய மூங்கில் கம்பத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெள்ளை மழைதான். சத்தம் மட்டும் கணீரென்று கேட்கும். மாமா வீடு உயரத்தில் இருந்ததால் படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும். ஆனால் அந்த டீவியில் சத்தம் செத்துப்போய்விட்டது. டவுனில் டீவி திருத்துகிற பாஸ் மூன்று தரம் பிரித்துப் பார்த்துவிட்டு, "சாமான் கொழும்புலயும் இல்ல" என்று கையை விரித்துவிட்டார்.

இப்படித்தான் கீழ் டிவிஷன் முழுவதும் 'ஏழு வாசல் வீட்டை'க் காதால் கேட்டது, மேல் டிவிஷன் முழுவதும் கண்ணால் பார்த்தது. மறுநாள் ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் வாளியோடு வரிசையில் நிற்கும்போது கதையை மாற்றிக்கொள்வார்கள். "அவ என்னா சொன்னா?" என்று அவர்கள் கேட்பார்கள். "அவ என்னா சீல கட்டியிருந்தா?" என்று இவர்கள் கேட்பார்கள். அந்த நாட்களில் நிறுவைக் கிளாக்கரே வேகமாக நிறுக்க மாட்டாராம்.

பிறகு அந்தப் பால் டம்ளர் வந்தது.

படுக்கையில் கிடந்த மாமனாருக்கு நாகவல்லி பால் கொண்டுபோகிறாள். அவர் குடிக்கிறார். டம்ளர் விழுகிறது. ஆள் முடிந்தார். மறுநாள் வரிசையில் மாமா, "நாந்தான் கண்ணால பாத்தேனே! அங்கயும் இங்கயும் முழிச்சுப்புட்டு, பொட்டலத்தைப் பிரிச்சுப் பால்ல கொட்டுனா. கொலகாரி!" என்றார்.

அப்பா விடவில்லை. "வைத்தியர் குடுத்த மருந்துன்னு அவளே சொன்னா, நான் காதால கேட்டேன். டம்ளரு விழுந்த ஒடனே எவனோ சிரிச்சான். அவன்தான் கொலகாரன்."

"அங்க ஒருத்தனும் சிரிக்கல."

"சிரிச்சான்!"

"மச்சான், வெள்ள மழையைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க குருட்டு டீவிக்காரனுக்கு என்னா தெரியும்?"

"ஒன்னோட ஊமை டீவிக்கு மட்டும் ரொம்பத் தெரியுமோ?"

வாளி உருண்டது. பால் கொட்டியது. அதோடு பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் நாடகமும் நின்றது. கிரிக்கெட் வந்தது, கிரிக்கெட் முடிந்தபிறகு அதே நேரத்தில் வேறு எதையோ போட்டார்கள். கொன்றது யார் என்று இரண்டு டிவிஷனிலும் யாருக்கும் தெரியாமல் போயிற்று. முக்தார் நானா அதன்பிறகு இரண்டு பேட்டரியையும் கடையின் இரண்டு மூலையில் வைத்துத்தான் சார்ஜ் போட்டாராம். "பக்கத்துல வச்சா பேட்டரியும் சண்ட புடிக்கும்" என்பார்.

இப்போது லயத்துக்குக் கரண்டு வந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் காம்பராவிலும் கலர் டீவி. படமும் வருகிறது, சத்தமும் வருகிறது. ஆனாலும், "பத்மலோசனி நாடகம் மாதிரி வருமா?" என்று எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். அதனால்தான் இந்த வருஷ மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு டிவிஷனும் சேர்ந்து 'ஏழு வாசல் வீட்டை' மேடையில் போடுவது என்று கோயில் கமிட்டியில் முடிவெடுத்தார்கள். எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையாம்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "கலா, எழுதுறது ஒன் இஷ்டம். ஆனா நாகவல்லிய கொலகாரின்னு எழுதுன, நான் மேடப் பக்கமே வரமாட்டேன்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மேல் டிவிஷன் பிரேமலதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள்தான் நாகவல்லியாக நடிக்கப் போகிறவள். "ஒங்க மாமா ஒரு செய்தி சொல்லச் சொன்னாரு. நாகவல்லி நஞ்சு வைக்கலைன்னு எழுதினீன்னா அவரு திருவிழாவுக்கே வரமாட்டாராம். அது மட்டுமில்லடி, ஒன் கல்யாணத்துக்கும் வரமாட்டாராம்."

"எனக்கு இப்ப யாருடி கல்யாணம் பேசினா?"

"அதான், முன்கூட்டியே சொல்லி வைக்கிறாராம்."

அவள் சிரித்தாள். எப்படி எழுதினாலும் ஒருவர் போய்விடுவார். அம்மா இந்த வருஷத் திருவிழாவுக்கென்று ஒரு புதுச் சாப்பாட்டுத் தட்டு வாங்கிக் கழுவித் துடைத்துப் பலகையில் கவிழ்த்து வைத்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் பேனா நகராது.

கடைசியில் பயந்துபோய்த்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். நான் எதையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மேல் டிவிஷன் பார்த்ததை மேல் டிவிஷனே நடிக்கட்டும். வாய் திறக்கக் கூடாது. கீழ் டிவிஷன் கேட்டதைக் கீழ் டிவிஷனே மைக்கில் பேசட்டும். திரைக்கு வெளியே தலை நீட்டக் கூடாது. அவரவர் சாட்சியை அவரவர் சொல்வதில் யாருக்கு என்ன கோபம்?

இரண்டு பக்கமும் உடனே ஒத்துக்கொண்டன. ஒவ்வொரு பக்கமும் தான் ஜெயித்ததாக நினைத்தது. மாமா மாடிப்படியில் நிற்கிற வீட்டோடு மாப்பிள்ளை வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே நின்றால்தான் பிரேமலதா பொட்டலத்தைச் சரியாகக் கொட்டுகிறாளா என்று பார்க்க முடியுமாம். அப்பா திரைக்குப் பின்னால் மாமனார் குரல், டம்ளர் சத்தம், சிரிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டார். நாகவல்லி குரல் எனக்கு.

இன்று சாயங்காலம் ஒத்திகை. பள்ளிக்கூட மண்டபத்தில் மாடிப்படிக்குப் பால் வாளிகளை அடுக்கி மேலே பலகை போட்டிருந்தோம். முக்தார் நானா ஸ்பீக்கரோடு வந்திருந்தார். ஒத்திகைக்கு ஆள் வரக்கூடாது என்று சொல்லியும் இரண்டு டிவிஷனும் திரண்டு வந்து உட்கார்ந்துவிட்டன. மேல் டிவிஷன் இடது பக்கம், கீழ் டிவிஷன் வலது பக்கம். அம்மா மட்டும் நடுவில்.

பிரேமலதா அவள் அம்மாவின் கல்யாணச் சீலையில் வந்தாள். அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள்.

"பாத்துக்கங்க! பாத்துக்கங்க!" என்று இடது பக்கம் சத்தம் போட்டது.

நான் மைக்கில் பேசினேன். பயத்தில் என் குரல் நடுங்கியது. நாகவல்லி அழுவது போலவே கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். "வைத்தியர் குடுத்த மருந்துதான் மாமா. கசக்கும். கண்ண மூடிக்கிட்டுக் குடிங்க."

"கேட்டீங்களா! கேட்டீங்களா!" என்று வலது பக்கம் எழும்பியது.

மாமனாராகப் படுத்திருந்தவர் குடித்தார். டம்ளரை விட்டார். அப்பா திரைக்குப் பின்னால் ஒரு தகர மூடியைத் தரையில் போட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

அப்போது பலகைப் படியில் நின்ற மாமா தலையைப் பின்னால் சாய்த்து, வாயை ஆவென்று பிளந்து, தோளைக் குலுக்கி ஒரு கொட்டாவி விட்டார்.

அதே நொடியில் ஸ்பீக்கரில் அப்பா சிரித்தார். "ஹா ஹா ஹா ஹா!"

மாமாவின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. தன் வாயிலிருந்து வந்த சிரிப்பைத் தானே கேட்டுப் பயந்த மாதிரி நின்றார்.

"அம்மோ!" என்றான் யாரோ ஒரு பையன். "வீட்டோட மாப்பிள்ளதான்டா சிரிச்சிருக்கான்!"

திரையை விலக்கிக்கொண்டு அப்பா தலையை நீட்டினார். கையில் இன்னும் மைக். ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு ஸ்பீக்கரில் தோட்டம் முழுவதும் கேட்டது.

"மச்சான்... நீங்க இப்ப என்னா செஞ்சீங்க?"

"கொட்டாவி விட்டேன்."

"ஏன் விட்டீங்க?"

"அவன் விட்டான், நானும் விட்டேன். நாடகத்துல டம்ளரு விழுந்த ஒடனே அவன் படியில நின்னு கொட்டாவிதான் விட்டான். கண்ணால பாத்தேன்."

"தோளக் குலுக்கிக்கிட்டா?"

மாமா தன் தோளைப் பார்த்தார். இன்னொரு தரம் மெதுவாகக் குலுக்கிப் பார்த்தார். "தோளக் குலுக்கிக்கிட்டு எவன் மச்சான் கொட்டாவி விடுவான்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"கொட்டாவியெல்லாம் ஒரு சாட்சின்னு சொல்ல முடியுமா? அவனுக்குத் தூக்கம்னு நெனச்சேன்."

"அப்ப பொட்டலத்த மாத்தி வச்சது அவன்தான்!"

"அவனேதான். படுபாவி! அந்தப் புள்ளைய அநியாயமாக் கொலகாரின்னு சொல்லிப்புட்டேனே." மாமா பிரேமலதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் வெட்கத்தில் சீலையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முக்தார் நானா ஸ்பீக்கர் பெட்டியில் அடித்து அடித்துச் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் பிஸ்ஸுதான், சுத்தப் பைத்தியம்! ஒரே ஒரு நாள் ரெண்டு டீவியையும் என் கடையில பக்கத்துப் பக்கத்துல வச்சிருந்தா முடிஞ்சிருக்குமே!"

அம்மா எழுந்து மேடைப் பக்கம் வந்தாள். அண்ணனையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. "பலாக்காக் கறி வச்சிருக்கேன். ஆறிப்போவும்" என்று பலகைப் படியைப் பார்த்துச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். மாமா வேஷத்தோடேயே பின்னால் போனார்.

புதுத் தட்டில் அம்மா மூன்று தரம் சோறு போட்டாள். மாமா மூன்று தரமும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவப் போகும்போது கூரைத் தகரத்தைப் பார்த்து, "மச்சான், இதுல ஓட்டை இருக்கே" என்றார். "தெரியும். ஒங்க மருமக சடங்கன்னிக்கே பாத்தேன்" என்றார் அப்பா.

இதோடு என் பயம் தீர்ந்திருக்க வேண்டும். பாயை விரிக்கும்போது மாமா தொடங்கினார்.

"சரி, கலா. அவன்தான் கொலகாரன்னு நமக்குத் தெரியும். நாகவல்லிக்கு எப்படித் தெரியவரும்? மேடையில அதையும் காட்டணும்ல?"

"இதுல என்னா இருக்கு?" என்றார் அப்பா. "அவன் மறுபடி ஒருநாள் சிரிப்பான். அவ காதுல விழும்."

"காதுல விழுந்து என்னா பிரயோசனம்? படிக்குக் கீழ பொட்டலம் கெடக்கும். அவ கண்ணால பாக்கணும்."

"கேக்கணும் மச்சான்."

"பாக்கணும் மச்சான்."

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். "எல்லாம் அவ எழுதுவா. நாளைக்கு ராவைக்குத்தானே நாடகம்? படுங்க."

மாமா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்தார். அப்பா உள்ளே படுத்தார். நான் அடுப்படியில் கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன். நாகவல்லி சிரிப்பைக் கேட்க வேண்டுமா, பொட்டலத்தைப் பார்க்க வேண்டுமா? பலகையில் அந்தத் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. இந்த வீட்டில் யாருடைய பேச்சும் கேட்கவில்லை; எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள்.

இதை எழுதும்போதே இஸ்தோப்பில் மாமா நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

உள்ளே இருட்டில் அப்பா சிரித்தார்.